அரிசி நிறைந்த நாள்

அவையீர், தாய்மாரே, தோழரே! இப்படித் தொடங்கியே பழகிய நா இது, அண்ணி. இன்று உங்கள் ஒருவரிடமே முறையிட வந்திருக்கிறது. முறையீடு இதுதான்: உங்கள் மகன் கட்டும் புதுவீட்டில் சரக்கறையை மறந்துவிட்டார்கள்!

காலையில் மனையில் கொத்தனார் கயிறு கட்டிக்கொண்டிருந்தார். அடுக்களை உண்டு, அதையொட்டிப் பண்டம் வைக்கும் அறையைக் காணோம். கேட்டேன்.

"கடை எதிர்லயே இருக்குது சித்தப்பா. இன்னாத்துக்கு வூட்ல மூட்டை மூட்டையா அடுக்கணும்?" என்று சிரித்தான் உங்கள் மகன்.

இடித்த பழைய வீட்டுப் பானைகளை அவன் மனைவி வெயிலில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றிலிருந்து காய்ந்த வேப்பிலையும் செம்மண் பூசிய துவரையும் மணத்தன. நேரே உங்களிடம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்த அறையை நீங்கள் அமைத்த முறை இன்னும் கண்ணில் நிற்கிறது. நாளும் எடுப்பவை கை எட்டும் தட்டில். உப்புச் சாடி சுவரைத் தொடாமல் பலகைமேல். பழம்புளி முன்னே, புதுப்புளி பின்னே. அண்ணன் எதையேனும் மாற்றி வைத்தால், "வுட்டா ஏரி மதகையே இடம் மாத்திடுவாரு" என்பீர்கள். அரிசிக் குதிருக்கு எதிர்மூலையில், எவரும் தொடாமல், கேழ்வரகும் காராமணியும் வற்றலும் இருந்தன.

"அரிசி இருக்கையில் இவை எதற்கு அண்ணி?"

"ஒண்ணு நெறஞ்சா இன்னொண்ணு இருக்கணும் தம்பி. அதுக்குத்தான் அறை."

புலவரிடம் தமிழ் கற்ற எனக்கு அச்சொல் விளங்கவில்லை.

பிறகு உலகப்போர் வந்தது. நம் பிரெஞ்சுப் பகுதியின் எல்லைக்கு அப்பால் ஆங்கிலேயர் அரிசி வண்டிகளை மறித்தனர். அந்த ஐப்பசியில் பாகூர் ஏரி வழிந்து, கரையோரக் குடிசைகள் நீரில் நின்றன. கொம்யூன் என்கிற ஊராட்சியின் களஞ்சியத்தைத் திறக்கச் சொல்லி ஆலமரத்தடியில் நான் முழங்கிக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் பசியில் அழுதன. முந்தானையைத் தலைமேல் இழுத்தபடி நீங்கள் கூட்டத்தோரம் வந்து உரக்கச் சொன்னீர்கள்: "தம்பி, வூட்ல அரிசி நெறஞ்சிருக்கு!"

"கேட்டீர்களா தோழரே! எம் வீட்டில் அரிசி நிறைந்திருக்கிறது! கரையோரத்தார் அனைவரும் வாருங்கள், உண்ணுங்கள்!" என்று கையை உயர்த்தினேன்.

முன்வரிசை கை தட்டியது. பெண்கள் வாயைப் பொத்திச் சிரித்தார்கள்.

"ஐய, அரிசி தீந்துபோச்சுன்னு சொல்ல வந்துது அது. அடுப்பங்கரையில 'இல்ல'ன்னு சொல்லக்கூடாதுன்னு நெறஞ்சிருக்குன்னுச்சி. இந்தப் புலவருக்கு யாராச்சும் தமிழ் சொல்லிக்குடுங்கடி!" என்றாள் ஒருத்தி.

அழைத்த வாயால் எப்படித் திருப்பி அனுப்புவது? நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். அழுகிற பிள்ளைகளைப் பார்த்தீர்கள்.

"இன்னா நிக்கிறீங்க? அதான் கூப்ட்டுட்டாரே, வாங்க. தம்பி, பேசினது போதும். வந்து களி கிண்டு."

கிண்டினேன், கைத்தோல் உரிந்தது. எவரும் தொடாத மூலை அன்று திறந்தது. கேழ்வரகுக் களி, காராமணிக் குழம்பு, வற்றல். களஞ்சியம் திறக்கும்வரை நம் அடுப்பு அணையவேயில்லை. நான் அறியாமல் கொடுத்த வாக்கை உங்கள் அறை காப்பாற்றியது. நன்றி, அண்ணி. அன்றுமுதல் எவரை உண்ண அழைப்பதானாலும் அடுக்களையைக் கேட்டுவிட்டே அழைக்கிறேன்.

உங்களைத் தேடி வருவோரிடம் "அண்ணி நிறைந்துவிட்டார்" என்கிறேன். இளையோர் விழிக்கிறார்கள். கரையோரப் பெண்களுக்கு விளங்குகிறது.

இதோ, உங்கள் படத்தின் முன்னிருந்து எழுந்து மனைக்குப் போகிறேன். மகனே, கடை எதிரேதான் இருக்கிறது. ஏரியும் எதிரேதான் இருக்கிறது! கொத்தனாரே, அந்த வடக்குக் கயிற்றை அவிழுங்கள். ஓர் அறை அளவு தள்ளிக் கட்டுங்கள். கடைக்கால் தோண்டுமுன், இன்றே, இப்போதே!