கிடங்கில் பழகிய சைக்கிள்

மச்சான்,

மத்தியானச் சோறு பானையில் இருக்கிறது. மத்திக் குழம்பை உறியில் வைத்திருக்கிறேன், பூனை ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கிடங்குச் சாவி இந்தச் சீட்டின் மேலேயே இருக்கிறது. நீங்கள் தலையணைக்கடியில் ஒளித்ததைக் காலையில் எடுத்துவிட்டேன்.

ஆமாம், நீங்கள் கடைக்குப் போனபிறகு, வீட்டுக்குக் கீழே காலியாகக் கிடக்கும் சுக்குக் கிடங்கில்தான் சைக்கிள் பழகினேன். நீங்கள் வேண்டாமென்று போட்ட சைக்கிள்தானே அது? பஞ்சர் ஒட்டியதும் நான்தான். முழங்கால் காயத்துக்கு அம்மிக்கல்மேல் பழி போட்டேன்.

நேற்று பார்த்துவிட்டு, “பொம்பள சைக்கிள் சவுட்டினா மட்டாஞ்சேரியே சிரிக்கும்டி” என்றீர்கள். “சிரிக்கட்டும், எனக்கு இந்தக் கிடங்கு போதாது” என்றேன். சைக்கிளை உள்ளே வைத்துக் கிடங்கைப் பூட்டினீர்கள்.

அதே சைக்கிளில் தோப்பும்படிக்கு அக்காவைப் பார்க்கப் போகிறேன். இருட்டுமுன் வந்துவிடுவேன். சந்து வழியாக ஒளிந்து வரமாட்டேன், பஜார் வழியாகத்தான்.

சுல்ஃபத்

குழம்பில் புளி தூக்கலாக இருக்கும். கோபத்தில் கரைத்தது.

இன்னொன்று. உங்கள் கடை முன்னால் வரும்போது மணி அடிப்பேன். சிரிக்கிறவர்களோடு நிற்பீர்களோ, எனக்குக் கை காட்டுவீர்களோ, அது உங்கள் இஷ்டம். நான் இறங்கமாட்டேன்.