மூன்றாம் நோட்டு, அறுபத்தொன்றாம் பக்கம்

ராச்செஸ்டர், மினசோட்டா
நவம்பர் 9

மார்லிஸ்,

வாய்மூடி இருந்தது போதும். அடுத்த வியாழக்கிழமை வாஷிங்டனில் உன் மேல்முறையீடு விசாரணைக்கு வருகிறது. அதற்கு முன் இது உன் கைக்கு வந்துசேர வேண்டும்.

கீழ்க்கோர்ட்டில் உன்னைத் தோற்கடித்தது என் சாட்சியம். பிழை நேர்ந்தாலும் வேலையை நிறுத்தாமல் கணினி தானே சரிசெய்துகொள்ளும் முறை என்று உன் காப்புரிமையில் இருக்கிறது. அதைத் திருடியதாக நீ வழக்குப் போட்ட எதிர்த்தரப்பின் கணினி சரிசெய்யும்போது ஒரு நொடி நிற்கிறது. அந்த ஒரு நொடியும் நிறுத்தம்தான், அன்று எங்கள் ஆய்வறையில் எல்லாரும் அப்படித்தான் புரிந்துகொண்டோம் என்று சத்தியம் செய்து சொன்னேன். அப்படியானால் அவர்களுடையது உன் முறையே அல்ல என்று நீதிபதியும் ஏற்றுக்கொண்டார். உன்னை நம்பி இருக்கும் பதினொரு பேரின் வேலை இப்போது அந்த நொடியில் தொங்குகிறது.

ஏன் சொன்னேன் என்று உனக்கே தெரியும். மூன்று வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருந்தேன். காப்புரிமையில் உன் பெயர் மட்டும். உன் பாராட்டுப் பலகையை மாட்ட ஆணி அடித்துக் கொடுத்தவனும் நான்தான். பதினெட்டு வருடமாகியும் அந்தச் சுத்தியல் சத்தம் போகவில்லை.

உனக்கு எதிராக இன்னும் ஏதாவது அகப்படுமா என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். போன வாரம் உன் ஆய்வு நோட்டுகளின் நகலைப் புரட்டினேன். மூன்றாம் நோட்டு, அறுபத்தொன்றாம் பக்கம்: ஒரு நொடித் தாமதம் நிறுத்தமாகாது, நடக்கும் வேலை தொலையாமல் இருந்தால் போதும். அடியில், படித்துப் புரிந்துகொண்டேன் என்ற அச்சு வரி. அதன்கீழ் என் சாட்சிக் கையெழுத்து.

வெள்ளிக்கிழமைதோறும் நோட்டை நீட்டுவாய். "படிச்சுட்டுப் போடுப்பா, என்னிக்காவது மாட்டிக்கப்போறே" என்பாய். "உன் கோழிக் கிறுக்கலப் படிக்கறதுக்கு ஜெயிலே தேவலாம்" என்று, ஒரு கையில் காபியோடு அந்த வாரத்துப் பத்துப் பக்கத்திலும் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பேன். ஒன்றைக்கூடப் படித்ததில்லை.

தெரியாமல் சொன்னதுதானே என்று மனத்தைத் தேற்றிப் பார்த்தேன். தெரியாததைத்தான் தெரிந்ததாகச் சத்தியம் செய்திருக்கிறேன். வக்கீலிடம் பக்கத்தைக் காட்டினேன். "அவங்க கண்ணுல படல. நாமளா எதுக்கு எடுத்துக் குடுக்கணும்? பேசாம வீட்டுக்குப் போங்க" என்று சிரித்தார்.

அந்தப் பக்கம் ஏற்கெனவே வழக்கு ஆவணத்தில் இருக்கிறது. புதிதாக எதையும் நுழைக்க வேண்டாம். உன் வக்கீலிடம் காட்டு. என்னைப் பற்றி அவர் என்ன சொன்னாலும் தடுக்காதே. உன் பதினொரு பேரும் அவரவர் மேசையில் நிம்மதியாக இருக்கட்டும்.

படிக்காத பக்கங்களிலெல்லாம் கையெழுத்துப் போட்டவன், இந்தக் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டேன். கீழே பெயர் எழுதக் கூசுகிறது. அப்படியே தபாலில் போடுகிறேன்.