வாய்க்கால் தீர்மானம்

ஐப்பசி 9, ஞாயிறு

எங்கள் குடியிருப்போர் சங்கத்தில் முதலில் வெற்றுத்தாளின் அடியில் கையெழுத்து வாங்கிவிடுவோம். செயலாளரான நான் தீர்மானத்தைப் பிறகு வீட்டில் உட்கார்ந்து மேலே எழுதுவேன்.

வாய்க்காலை மூடி அடுக்குமாடி கட்டக்கூடாது என்று இன்று ஒருத்தர் பாக்கியில்லாமல் சொன்னார்கள். கூட்டம் முடிந்ததும் தலைவர் என் வீட்டுக்கு வந்தார்.

"ஆட்சேபணை இல்லன்னு எழுதிருங்கண்ணே. ஒங்க பையன் அந்த பில்டர்கிட்டதான வேலை பாக்குறாப்ல?"

அவர் சொன்னபடியே எழுதிவிட்டேன். இந்தக் கை விளங்காது.

முதல் கையெழுத்து மேரி டீச்சருடையது. போன மழைக்கு அவர் வீட்டில் முழங்கால் அளவு தண்ணீர். "நீங்க எழுதுனா சரியாத்தான் சார் இருக்கும்" என்று சொல்லித்தான் போட்டார். அவர் பெயரை இடிக்காமல் எழுத்தைச் சுருக்கி எழுதியிருக்கிறேன்.