துணிப்பையில் வைத்த வில்லுக்கத்தி

1996 ஜூன் 11

விவசாயக் கந்தோரில் வேலைக்கென்று ஒட்டுக்கத்தி தருகிறார்கள். அப்படியிருக்க எனக்குச் சொந்தமாக ஒரு வில்லுக்கத்தி எதற்கு? இரும்புக்கடை முத்தலிப் கேட்டார். மாங்கன்று ஒட்டுவதற்கு என்றேன். அது விவசாயப் போதனாசிரியராக நான் சொன்ன பதில். லிங்கநகரில் தனியே இருப்பவளின் பதில் வேறாக இருக்கலாம்.

மூன்று கத்திகளை எடுத்து வைத்தார். கொம்புப்பிடி போட்டது என் கைக்குப் பெரிது. இன்னொன்று விரித்தால் ஆடியது. மூன்றாவது மரப்பிடி, சிறியது. மடித்தால் அசையாமல் உட்கார்ந்தது.

"இதைக் கொண்டுபோங்க மிஸ். அலகு நாலு விரல்தான். ஆரும் பயப்படமாட்டாங்க. நீங்களும் பயப்படாதீங்க."

ஜூன் 14

சேலைக்கு ஏது பை? இடுப்பில் செருகினால் குனியும்போது குத்துகிறது. கைப்பைக்குள் வீட்டுத் திறப்புக் கோர்வையோடு சிக்குகிறது.

ஜூன் 19

கிண்ணியாவுக்குப் போனோம். ஒட்டுக்கிளைகள் கொண்டுபோகும் துணிப்பையின் பக்க உறையில் வைத்தேன். அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. அந்தப் பையைத் தூக்குவது தவராசா. எங்கள் கந்தோர்த் தொழிலாளி, ஐந்து வருடமாக என்னோடு தோட்டங்களுக்கு வருபவர். அவரிடம் சொல்லவில்லை. இதில் சொல்ல என்ன இருக்கிறது?

ஜூன் 26

எழுத ஏலாமல் இருக்கு.

கிண்ணியாத் துறையடி இராணுவச் சாவடியில் பெண்கள் வரிசை வேறு. சுமை ஆண்களோடு போகும், அதுதான் வழக்கம். நான் சோதனை முடிந்து மறுபக்கம் நிற்கிறேன் — பையிலிருந்து கத்தியை எடுத்தார்கள். கந்தோர்க் கத்திக்கு அனுமதிக் கடிதம் இருக்கிறது. இதற்கு இல்லை. யாருடையது என்று கேட்டார்கள். தவராசா என்னை ஒருமுறை பார்த்தார்.

"என்ர கத்தி," என்றார்.

ட்ரக்கில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் என்ன செய்தனான்? பாத்துக்கொண்டு நிண்டனான்.

பின்னேரம் அவருடைய மனைவி குணமணி வந்தாள்.

"நீங்களும் கூடத்தானே போனீங்கள் மிஸ். என்ன கத்தி அது? இந்த மனிசன் தேங்காய் உடைக்கவே என்னைத்தான் கூப்பிடும்."

"தெரியாது," என்றேன்.

ஓம். அப்படியே சொன்னேன்.

ஜூன் 27

முகாமுக்குப் போகவில்லை. தெரிந்தவர்கள் மூலம் சொல்லிப் பார்க்கலாம் என்று எனக்கே ஒரு கதை சொல்லிக்கொண்டு படுத்துக் கிடந்தேன். நாளை போவேன் என்று எழுதுகிறேன். எழுதியவளை நான் நம்பவில்லை.

ஜூன் 28

போனேன். எட்டு மணிக்கு முகாம் வாசல். கத்தி என்னுடையது என்றேன். அதிகாரி ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டார். "இரண்டு நாள் ஏன் வரவில்லை?"

"பயம்," என்றேன். அதையும் எழுதினார். அடையாள அட்டை எண், கந்தோர் விலாசம், கையெழுத்து. கத்தியைத் தரவில்லை. நான் கேட்கவும் இல்லை.

பகல் ஒரு மணிக்குத் தவராசாவை விட்டார்கள். இடது காது வீங்கியிருந்தது. வாசலில் கிடந்த மர வாங்கில் குணமணி இருந்தாள். மற்ற நுனியில் நான். யார் கத்தி என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது.

அவர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். பிறகு அவளிடம், "மிஸ்ஸுக்கு ஒரு சோடா வாங்கிக் குடு. காலமையிலேருந்து ஒண்டும் குடிச்சிருக்கமாட்டா," என்றார்.

குணமணி எதிர்க்கடைக்குப் போனாள். சோடாவை என் கையில் தரவில்லை. வாங்கில் வைத்துவிட்டு, அவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.