அப்பாவின் புத்தகத்தில் நீ வந்த நாள்

அன்புள்ள தம்பிக்கு,

அக்காவின் ஆசிகள். நீயும் உன் மனைவியும் குட்டிப் பெண்ணும் நலமாக இருக்க வேண்டும். இங்கே அப்பாவும் நானும் ஏதோ இருக்கிறோம். போனில் 'அப்பா' என்று ஆரம்பித்தாலே உனக்குச் சிக்னல் போய்விடுகிறது. அதனால்தான் இந்தக் காகிதம். வேண்டுமானால் கிழித்துப் போடு, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கிழி.

நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை நான் நடத்தும் புத்தக மேசைக்கு ஐந்து வருஷம் ஆகிவிட்டது. சொந்தச் செலவில் புத்தகம் அச்சடித்த நம் ஊர்க்காரர்களுக்கு ஆளுக்கொரு மேசை, மேசைக்கு இரண்டு நாற்காலி. ஒன்றில் எழுதியவர், எதிரில் வாசகர். பத்து நிமிடம் பேசலாம், பிறகு நான் மணி அடிப்பேன். வாசகர் வராத நேரத்தில் எழுத்தாளர்களே மாறி மாறி எதிர் நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்கள். தையல்காரர் துப்பறியும் கதை எழுதுகிறார், கணக்கு டீச்சர் பேய்க்கதை. பல் டாக்டரின் கவிதை மேசைக்கு மட்டும் யாரும் போவதில்லை. அவர் எதிரில் உட்கார்ந்தாலே வாய் தானாகத் திறந்துகொள்கிறதாம்.

இந்த மாதம் அப்பாவுக்கும் ஒரு மேசை போட்டேன். ஆமாம், நம் அப்பாதான். பஸ் ஓட்டிய முப்பத்தோரு வருஷத்தையும் நான்கு நீள நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். எந்த நிறுத்தத்தில் யார் மூச்சிரைக்க ஓடி வந்து ஏறுவார்கள், எந்தத் திருப்பத்தில் பிரேக் காலை வாரியது, எல்லாம் மணி நிமிடத்தோடு இருக்கிறது. டைப் செய்தது நான், அச்சகத்துக்கு அலைந்ததும் நான்.

கடைசி அத்தியாயத்துக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. தலைப்பு 'மகன் வந்த நாள்'. காலை ஆறு நாற்பது வண்டியில் நீ வந்து இறங்குகிறாய். நீலக் கட்டம் போட்ட சட்டை. பெட்டியில் ஒரு சக்கரம் உடைந்திருக்கிறது. அவர் போட்டோவில் மட்டுமே பார்த்த உன் மகள் உன் தோளில் தூங்குகிறாள். நீ கூடத்தில் உட்காராமல் நிற்கிறாய். அப்பா உன் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னிக்கு வாசப்படி மிதிக்காதேன்னு சொன்னது என் தப்புடா. ஏழு வருஷமா அது நெஞ்சுலயே நிக்குது" என்கிறார். நீ அவர் பக்கத்தில் உட்காருகிறாய். நான் காபி கொண்டு வருகிறேன். அந்த அத்தியாயம் முழுக்க எனக்கு அந்த ஒரு வேலைதான். கூடவே கிடக்கிறவளுக்கு ஒரு வரி, வராதவனுக்குப் பதினோரு பக்கம். வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதைத் திரும்பத் திரும்பப் படித்ததும் நான்தான்.

'என் உண்மைக் கதை' என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார். நான் தடுத்திருக்க வேண்டும். ஏன் தடுக்கவில்லை தெரியுமா? நம் ஊர் எழுத்தாளர் புத்தகத்தை யார் கடைசிப் பக்கம் வரை படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். ஐந்து வருஷமாக ஊரெல்லாம் 'படியுங்கள், படியுங்கள்' என்று தொண்டை கிழியக் கத்துகிறவள், யாரும் படிக்க மாட்டார்கள் என்ற தைரியத்தில் அச்சுக்குக் கொடுத்தேன். என்னை என்ன சொல்லித் திட்டிக்கொள்வது என்றே தெரியவில்லை.

மருந்துக் கடைக்காரர் படித்துவிட்டார். அச்சகத்திலிருந்து வந்த அன்றே ஒன்றை வாங்கிப் போய், கல்லாவில் உட்கார்ந்தபடி முழுக்கப் படித்திருக்கிறார். சனிக்கிழமைக் கூட்டத்தில் எழுந்து நின்று அந்தப் பதினோரு பக்கத்தையும் உரக்க வாசித்தார். கணக்கு டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பத்து நிமிடம் தாண்டியும் மணி அடிக்க எனக்குக் கை வரவில்லை. முடித்ததும் அவர், "பையன் வந்துட்டுப் போனானா? ஒரு வார்த்தை சொல்லலையே! அடுத்த மாசம் இங்க கூட்டிட்டு வாங்க, நாங்களும் பாக்கறோம்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அவர்களைப் பார்த்து, "வருவான், கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டார். கொண்டுபோன புத்தகம் அத்தனையும் தீர்ந்தது. இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு கூட்டம் நடந்ததில்லை. நான் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வீட்டுக்கு வந்ததும், ஏன்ப்பா இப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். புத்தி தடுமாறிவிட்டது என்று நினைக்காதே, தெளிவாகத்தான் இருக்கிறார். "எனக்குத் தெரியாதாம்மா? அவங்க அவ்வளவு சந்தோஷப்பட்டாங்க. இல்லைன்னு சொல்ல வாய் வரல" என்றார்.

அதற்குள் தையல்காரர் சுவரொட்டி அடித்துவிட்டார். 'தந்தையும் மகனும்: வாசகர் சந்திப்பு.' அடுத்த மாதம் பதினான்காம் தேதி, காலை பத்து மணி. சலூனில், மருந்துக் கடையில், நூலக வாசலில் ஒட்டியாயிற்று. ஒட்டும்போது பசை வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் நான். கிழித்துவிடலாம் என்று இரண்டு முறை போனேன். கிழித்தால் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால் அப்பா ஊர் முன்னால் பொய்யர். சொல்லாவிட்டால் அன்று காலை காலி நாற்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். எனக்கு மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

உன் பக்கம் நியாயம் இல்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவர் பார்த்துக் கொடுத்த வேலையை நீ விட்டுவிட்டுக் கிளம்பியபோது அவர் பேசிய பேச்சை நானும் சுவரோரம் நின்று கேட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. உனக்கு லீவு கிடைக்காது, குழந்தைக்குப் பள்ளிக்கூடம், எல்லாம் தெரியும். வாடா என்று அதட்ட எனக்கு எந்த உரிமையும் மிச்சமில்லை.

இதோடு புத்தகம் ஒன்று வைத்திருக்கிறேன். ஊருக்கெல்லாம் மளமளவென்று கையெழுத்துப் போட்டவர், தம்பிக்கும் ஒன்று அனுப்பட்டுமா என்று நான் நீட்டியதும் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். கடைசியில் உன் பெயரை மட்டும் எழுதிவிட்டு, "வேணாம்மா, அவனுக்கு எதுக்குத் தொந்தரவு" என்று மூடிவிட்டார். அவருக்குத் தெரியாமல்தான் அனுப்புகிறேன்.

நேற்றுக் காலை முகம் கழுவிக்கொண்டே, பதினான்காம் தேதி உன் நாற்காலியைத் தன் வலது பக்கம் போடச் சொன்னார். நீ வரப்போவதில்லை என்று தெரிந்தும்தான் சொல்கிறார். நானும் சரிப்பா என்றேன். உனக்கு இது தெரியாது, இடது காது அவருக்குக் கேட்காமல் போய் இரண்டு வருஷம் ஆகிறது.

முடிந்தால் வா. முடியாதென்றால் அதை நீயே அவரிடம் சொல்லிவிடு, என்னால் ஆகாது. எதைச் சொல்வதானாலும் கொஞ்சம் உரக்கப் பேசு தம்பி. அவருக்கு உன் குரல் கேட்க வேண்டும்.

நீங்கள் மூவரும் எங்கே இருந்தாலும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் அக்கா