செவலையை நீ யாருக்கு வைத்திருந்தாய்

இன்று காலை மழை. விருத்தாசலத்து மழைதான் உனக்குத் தெரியுமே, இருட்டிக்கொண்டு வந்தால் பெய்யாது, வெயிலை நம்பித் துணி காயப்போட்டால் கொட்டித் தீர்க்கும். நான் கொடியிலிருந்து துணியை அள்ளிக்கொண்டு ஓடி வருவதற்குள், செவலை எனக்கு முன்னால் உள்ளே பாய்ந்து நடு வீட்டில் நின்று ஒரு உதறு உதறியது. சுவரிலும் டிவியிலும், இஸ்திரி போட்டு வைத்த கயலின் யூனிபார்மிலும் புள்ளி புள்ளியாகத் தண்ணீர். "சனியனே, வெளிய போ!" என்று கத்தினேன். அது போகவில்லை. நனைந்த நாயின் வாடை வீடு முழுக்க ஏறிவிட்டது. எத்தனை ஊதுபத்தி கொளுத்தியும் போகவில்லை.

இந்த வாடைக்கு நீதான் பொறுப்பு, கேட்டாயா? நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. நாம் கடைசியாகப் பேசியதும் இந்த நாயைப் பற்றித்தான், அதுவும் சண்டையாக. அன்றைக்கு என் வாயிலிருந்து விழுந்த ஒரு வார்த்தைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்க முடியாமலே போய்விட்டது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலிருந்து சொல்கிறேன், நடுவில் குறுக்கே பேசாதே. உயிரோடு இருந்தவரை என்னை ஒரு பேச்சை முழுசாக முடிக்க விட்டதில்லை நீ.

பொம்மைக் கம்பெனியில் பதினான்கு வருடம் ஒரே மேசையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பச்சைப் பொம்மையின் ஓரத்துக் கோட்டைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைத்து, சூளைக்குப் போகிற பலகையில் வைப்பதுதான் நம் வேலை. கை ஒரு பக்கம் ஓடும், வாய் ஒரு பக்கம் ஓடும். கயலின் அப்பா குவைத்துக்குப் போனதும், வீட்டில் நானும் அவளும் மட்டும் என்று ஆனதும் எல்லாம் அந்த மேசையில் உனக்குச் சொன்னவைதான். பள்ளிக்கூடம் விட்டு நாலரைக்கு வருகிற பிள்ளை நான் வருகிற ஆறரை வரைக்கும் கதவைத் தாழ்ப்பாள் போட்டு, ஜன்னலையும் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதைச் சொன்ன அன்றைக்கு எனக்கு அழுகை வந்துவிட்டது. "ஒரு நாய் வளர்க்கலாம்னு இருக்கேன்டி" என்றேன்.

உடனே நீ கம்பெனி கேட்டைக் காட்டினாய். களிமண் லாரி அடித்துப் பின்னங்கால் கோணிப்போன செவலை அங்கே படுத்திருந்தது. அதை ஆட்டோவில் மாட்டாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனதும், கட்டுப் போட்டதும், மோர்சோறு கரைத்து ஊற்றி எழுப்பி உட்கார வைத்ததும் நீதான். வாடகை வீடு உனக்கு. நாய், பூனை ஆகாது என்று வீட்டு ஓனரம்மா முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் செவலை கம்பெனி வாசலிலேயே கிடந்தது.

"ஏன்டி, அஞ்சு வயசுல தெரு நாய் கடிச்சு ஊசி போட்ட பிள்ளை அவ. இதைப் போயி வூட்டுல வெக்கச் சொல்றியே!" என்றேன். என் தம்பி பெண்ணாடத்தில் இருக்கிறான். அவன் சிநேகிதர் வீட்டு லேப்ரடார் குட்டி போட்டிருந்தது. ஒன்று தருவதாகச் சொல்லியிருந்தான். குட்டியாக வந்தால் பிள்ளைக்குப் பயம் இருக்காது, நம் கையிலேயே வளரும், நம் பேச்சைக் கேட்கும். இதில் என்ன தப்பு சொல்?

நீ கையிலிருந்த பச்சைப் பொம்மையைத் தூக்கிக் காட்டினாய். "இது சூளைக்குள்ள போயி எப்படி வரும்னு உனக்குத் தெரியுமா? வெந்து வந்ததைத்தான் தட்டிப் பாத்து வாங்கலாம். செவலை வெந்து வந்ததுடி."

சரி, தட்டியே பார்த்துவிடுவோம் என்று மறுநாள் மதியம் போனேன். என் அறிவைப் பார், அது சோறு தின்றுகொண்டிருக்கும்போது தட்டை வெடுக்கென்று இழுத்தேன். உர்ரென்று பாய்ந்தது. பல் மணிக்கட்டில் பட்டது, பதியவில்லை. ஆனாலும் கம்பெனி முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்தினேன். "பாத்தியா, பாத்தியா! இதான் உன் வெந்த பாண்டம்!"

நீ சிரித்தாய். எனக்கு அதுதான் பற்றிக்கொண்டு வந்தது. "கார்த்திகை அகல் ஆர்டருக்கு யாரு சூளைக் கதவை ஒரு நாள் முன்னாடியே தொறந்தது? பாதி அகல் விரிசல் வுட்டுச்சே, மண்ணு மேலயா குத்தம்? ஆற வுடணும்டி. தெனம் சாப்பாட்டு நேரத்துல பத்தடி தள்ளி வந்து உக்காரு. அதைப் பாக்காத, கூப்பிடாத. அதுவா வரட்டும்" என்றாய்.

எனக்குப் பொறுமை ஏது? அந்த ஞாயிற்றுக்கிழமையே பெண்ணாடம் பஸ் ஏறி, குட்டியைக் கூடையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

அழகு என்றால் அப்படி ஓர் அழகு. கயல் முதல் நாள் கட்டில் மேல் ஏறி நின்றாள், இரண்டாம் நாள் இறங்கினாள், மூன்றாம் நாள் மடியில் வைத்துக்கொண்டாள். உன்னிடம் வந்து பெருமையடித்தேன். நீ ஒன்றே ஒன்று கேட்டாய். "பகல்ல வூட்டுல யாரு இருப்பா?"

பகலில் யாருமில்லை. அவள் பள்ளிக்கூடம், நான் கம்பெனி. குட்டி காலை எட்டிலிருந்து அழுதது. அடுத்த வீட்டம்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கிறது என்றாள். ஒரு நாள் வேறு வழியில்லாமல் கம்பெனிக்கே தூக்கி வந்தேன். நான் அந்தப் பக்கம் திரும்பிய நேரத்தில், அச்சில் ஊற்ற வாளியில் கரைத்து வைத்திருந்த வெள்ளைக் களிமண் கரைசலைப் பால் என்று நினைத்து வயிறு முட்டக் குடித்துவிட்டது! மூன்று நாள் வெள்ளை வெள்ளையாகப் போனது. "காய வெச்சு சூளையில போட்டா நாலு பொம்மை தேறும்" என்று எல்லாரும் சிரித்தார்கள். நீ சிரிக்கவில்லை. அரை நாள் லீவு சொல்லி, என்னையும் குட்டியையும் மாட்டாஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய். வழியில் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாய். கேட்டதற்கு, "கேஸ்டி, காலையில பூரி தின்னேன்" என்றாய். நானும் நம்பினேன்.

மூன்று வாரம் ஓடியது. "நான் ஸ்கூலுக்குப் போனா அது அழுவுதும்மா. எனக்குப் பாடமே ஏற மாட்டேங்குது" என்று கயலே சொன்னாள். தம்பி வந்து குட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போனான். அங்கே கூட்டுக் குடும்பம், எந்நேரமும் ஆள் இருக்கும், இப்போது கன்றுக்குட்டி மாதிரி வளர்ந்து கரும்புக் கொல்லையில் ஓடுகிறது. குட்டியின் மேல் ஒரு குற்றமும் இல்லை. என் வீட்டுக் கடிகாரத்துக்கு அது சரிப்படவில்லை. ஆனால் அன்றைக்கு எனக்கு அவமானம் பிடுங்கித் தின்றது. கயல் மறுபடி தாழ்ப்பாளுக்குப் பின்னால் போய்விட்டாள்.

மறுநாள் மேசையில் நீ மெதுவாகத்தான் ஆரம்பித்தாய். "இப்பவாவது செவலையை வந்து பாருடி."

"உனக்கு அவ்ளோ பாசம்னா நீயே கூட்டிக்கினு போயேன்! என் தலையில ஏன் கட்டப் பாக்குற?"

அதுதான் அந்த வார்த்தை. உன்னால் முடியாது என்று எனக்குத் தெரியும், தெரிந்தே சொன்னேன். எப்போதும் எனக்கு நாலு மடங்கு திருப்பிக் கொடுக்கிறவள், குதிரைப் பொம்மையின் வயிற்றைத் துடைத்துக்கொண்டே "சரிடி" என்றாய். அதற்குப் பிறகு நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். பத்து நாள். பதினோராம் நாள் நீ வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தது எனக்குத் தெரிவதற்குள் போய்விட்டாய். நெஞ்சில் வால்வு பழுதாகி ஒரு வருடமாகிறது என்பதை உன் சாவு வீட்டில்தான் கேட்டேன். பாவி, என்னிடம்கூட மறைத்தாயே!

செவலை உன் நாற்காலிக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டது. வைத்த சோறு வைத்தபடி இருந்தது. ஒரு வாரம் பார்த்துவிட்டு, "வேலைக்கு எடைஞ்சலா கெடக்குது. மணிமுத்தாத்துக்கு அந்தாண்ட கொண்டுபோயி வுட்டுடுங்க" என்று முதலாளி சொன்னார். மூன்று கால் பலத்தில் நிற்கிற நாய், ஆற்றுக்கு அந்தப் பக்கம் எத்தனை நாள் தாங்கும்? அன்று சாயங்காலம் கழுத்தில் துப்பட்டாவைக் கட்டி, பாதி நடையும் பாதி ஆட்டோவுமாக வீட்டுக்குக் கொண்டு வந்தேன். பாசம் ஒன்றும் பொங்கி வரவில்லை, பொய் எதற்கு? உன் முகத்துக்காகக் கொண்டு வந்தேன்.

வாசலோடு சரி, படி ஏறவில்லை. இந்த முறை நான் எதையும் இழுக்கவில்லை, கூப்பிடவுமில்லை. தட்டை வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி, முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன். கயலுக்கு உள்ளே இருந்து ஜன்னலில் பார்க்கத்தான் தைரியம் இருந்தது. ஐந்தாம் நாள் அவள் கதவைத் திறந்து, நிலைப்படிக்கு உள்ளே உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஏழாம் நாள் நிலைப்படிக்கு வெளியே.

ஒன்பதாம் நாள் ஆறரைக்கு வந்தேன். கதவு அகலத் திறந்து கிடந்தது. ஒரு நிமிடம் எனக்கு உயிர் போய்விட்டது. உள்ளே பாயில் தலையை வைத்து, நெஞ்சின் மேல் கணக்கு நோட்டு கிடக்க, பிள்ளை வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வாசலுக்குக் குறுக்கே படுத்திருந்த செவலை தலையைத் தூக்கி என்னைப் பார்த்து உறுமியது. என் வீட்டுக்குள் போக என்னையே யார் என்று கேட்டது! டிபன் கூடையோடு வெளியிலேயே நின்றேன். சிரிப்பு வந்தது, பின்னாடியே அழுகையும் வந்தது. "உள்ள வுடு தாயே, நான்தான்" என்று கெஞ்சிய பிறகுதான் நகர்ந்தது.

போன வாரம் உன் வீட்டுக்காரர் செவலையைப் பார்க்க வந்திருந்தார். டீ குடித்துவிட்டு அதன் தலையைத் தடவிக் கொடுத்தார். பிறகு சொன்னார். "ஆஸ்பத்திரியில இருக்கும்போது டீக்கடைக்காரர் இதை நான் வளர்த்துக்கறேன்னு கேட்டாருங்க. குடுத்துடட்டுமான்னு அவகிட்ட கேட்டேன். வேணாம்னுட்டா. 'அது அவளுக்குத்தான். கோவக்காரி, இப்ப பேச மாட்டா. ஆனா கொண்டாந்துட்டான்னா வுட மாட்டா'ன்னு சொன்னா."

நான் அடுப்படிக்குப் போய் டம்ளரைக் கழுவினேன். கழுவிய டம்ளரையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன்.

அவர் போன பிறகு கயல் கேட்டாள். "ஏம்மா, அத்தை நமக்காக நாயைப் பாத்து வெச்சாங்களா, நாய்க்காக நம்மளப் பாத்து வெச்சாங்களா?"

"போயி படி" என்றேன். குட்டியா வளர்ந்ததா என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவள் நான், தேர்ந்தெடுத்தவள் நீயாக இருந்திருக்கிறாய். உன் முகத்துக்கு நேரே அப்படி ஒரு வார்த்தை சொன்ன பிறகும், பத்து நாள் உன்னோடு பேசாமல் இருந்த பிறகும், கேட்டு வந்த நல்ல மனுஷனைத் திருப்பி அனுப்பிவிட்டு என்னைத்தான் நம்பினாய். மன்னித்தாயா என்று இனிமேல் கேட்க வேண்டியதில்லை என்று தெரிகிறது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லையடி.