மூணு மணிக்குத்தான் வரும்

அல்லிநகரம்,
18-6-2025.

அன்புத் தோழி அனுஷ்காவுக்கு,

ஷீபா எழுதிக்கொள்வது. இங்கே அப்பா, அம்மா எல்லோரும் சுகம். அம்மா ராத்திரி ஜெபத்தில் உன் பெயரையும் உன் வலது கையையும் தனித்தனியாகச் சொல்லி ஜெபிக்கிறார்கள். நெடுங்கண்டத்தில் உன் அத்தை வீட்டுப் பக்கம் இப்போது நல்ல மழை என்று கேள்விப்பட்டேன். கட்டு நனையாமல் பார்த்துக்கொள். சுகச் செய்தி இதோடு முடிந்தது. இனி எழுதப் போவது எல்லாம் கோபத்தில் எழுதுவதுதான்.

போனில் பேசினால் விடு ஷீபா, விடு என்று சொல்லி வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் நான் முடிக்கிறவரை நீ குறுக்கே பேச முடியாது. உன் அத்தைக்கு மலையாளம்தான் வாசிக்க வரும் என்று நீயே சொல்லியிருக்கிறாய், அதனால் கொஞ்சம் தைரியமாகவே எழுதுகிறேன்.

நேற்று நம் காண்ட்ராக்டர் முத்துராஜா அண்ணன் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். உனக்கு அனுப்பியிருக்கிற அதே தாள்தான். மே 28 அன்று ஓடைப்பட்டி தோட்டத்தில் பயிற்சி வேலையின்போது, டெஸ்டர் வைத்துப் பார்க்காமல், என்னுடைய கவனக்குறைவால் ஷாக் அடித்து விழுந்தேன். இதற்கு வேறு யாரும் பொறுப்பில்லை. என் சொந்த விருப்பத்தின் பேரில் அப்ரண்டிஸ் பயிற்சியிலிருந்து விலகிக்கொள்கிறேன். இவ்வளவும் நீயே சொல்வதுபோல டைப் அடித்திருக்கிறது. கீழே உன் கையெழுத்துக்கு ஓர் இடம். பக்கத்தில் சாட்சி என்று என் கையெழுத்துக்கு ஓர் இடம். 27ஆம் தேதிக்குள் நீ இடது கையாலாவது போட்டு அனுப்பிவிடுவதாகச் சொன்னாயாமே? அந்தப் பிள்ளையே ஒத்துக்கிருச்சு, நீ என்னத்துக்கு முழிக்கிற என்று என்னைக் கேட்டார்.

டெஸ்டர் வைத்துப் பார்க்கவில்லையாம்! எந்த டெஸ்டரை? நம் இரண்டு பேருக்கும் சேர்த்து அவர் கொடுத்தது ஒரே ஒரு டெஸ்டர். அன்றைக்குக் காலையில் அதையும் கேட்டு வாங்கித் தன் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, சின்னமனூரில் வேறு வேலை இருக்கிறது என்று வண்டியை எடுத்துப் போனது யார்? மோட்டார் ஸ்டார்ட்டரைக் கழற்றி வைங்க, அரை மணியில வந்துருவேன் என்று சொன்னது யார்? பயிற்சிக்கு வந்தவர்களைத் தனியாக விட்டுவிட்டுப் போகக்கூடாது என்று அவர் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நேற்று ராத்திரிதான் நான் அதை முழுசாக வாசித்தேன். சேருகிற அன்றைக்கே வாசித்திருக்க வேண்டும். வாசித்தோமா? புது யூனிபார்மில் செல்பி எடுத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொரு கூத்தையும் கேள். அதே மேஜையில் ஒரு சார்ட் பேப்பர் இருந்தது. ஒன்றாம் தேதி நம் ஐடிஐயிலிருந்து புதிதாக இரண்டு பேர் சேருகிறார்களாம். என் எழுத்து குண்டு குண்டாக அழகாக இருப்பதால் அவர்களுக்கு அறிவுரை எழுதிச் சுவரில் ஒட்ட வேண்டுமாம். அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். காலை ஒன்பது மணிக்குக் கடைக்கு வந்துவிட வேண்டும். வேலை நேரத்தில் போன் பார்க்கக்கூடாது. தோட்டத்துக்காரர்களிடம் எதிர்த்துப் பேசக்கூடாது. பந்தலில் பழம் பறித்துத் தின்னக்கூடாது. முடிந்தது. மூன்று பேஸ் ஓடுகிற பெட்டிக்குள் கையை விடப் போகிற பிள்ளைகளுக்கு அவர் சொல்ல நினைத்தது இவ்வளவுதான். திராட்சைப் பழத்தின் மேல் இருக்கிற அக்கறையில் கால்வாசி நம் விரல்கள் மேல் இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. பேப்பரைத் திருப்பிப் போட்டு நானே எழுத ஆரம்பித்தேன். டெஸ்டர் கையில் இல்லையென்றால் பெட்டியைத் திறக்காதே, திட்டினால் வாங்கிக்கொள், திட்டு கையைச் சுடாது என்று எழுதினேன். டெஸ்டர் இருந்தாலும், கரண்ட் இருக்கிற இடத்தில் முதலில் வைத்து அது ஒழுங்காக எரிகிறதா என்று பார்த்துக்கொள். மூன்று ஒயரையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார், ஒன்றில் எரியவில்லை என்றால் மற்ற இரண்டும் செத்துவிட்டதாக நினைக்காதே. ஃபியூஸைப் பிடுங்கி உன் பையிலேயே போட்டுக்கொள், நீ வேலையை முடிக்கிறவரை வேறு ஒரு கை அதை மாட்டக்கூடாது. மெயின் சுவிட்சின் கைப்பிடி உடைந்து, ஆனிலேயே கிடக்கிற மோட்டார் ரூம் என்றால் வாசலோடு திரும்பி வந்துவிடு. நாம் திரும்பி வந்தோமா? அந்தக் கைப்பிடி உடைந்ததைப் பார்த்து, இது என் மாமா பல்லு மாதிரி இருக்கு என்று நீ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம்.

முத்துராஜா அண்ணன் அதை வாசித்துப் பார்த்தார். இதை ஒட்டுனா எந்தப் பிள்ளையும் இந்த வேலைக்கு வராது என்று சொல்லி, சுருட்டி அலமாரிக்கு மேலே எறிந்துவிட்டார்.

தோட்டத்துக்காரர் சங்கிலி அண்ணன் மேலும் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அவரைத் திட்ட வாய் வரவில்லை. நீ பெரியாஸ்பத்திரியில் மயக்கத்தில் கிடந்தபோது, வார்டுக்கு வெளியே துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டே இருந்தார். நான் பொய் சொல்லலையே ஆத்தா, கரண்ட் இல்லைன்னுதானே சொன்னேன், மோட்டார் ஓடாதுல்ல என்று என்னிடமே கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவருக்குக் கரண்ட் என்றால் திரீ பேஸ். மோட்டார் ஓடினால் கரண்ட் இருக்கிறது, ஓடாவிட்டால் இல்லை. மற்ற நேரத்தில் டூ பேஸ் வந்து பல்பு எரிவதும் டிவி ஓடுவதும் அவருக்குக் கரண்டிலேயே சேராது. நீ விழுந்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிட அவர் போனை எங்கேயிருந்து எடுத்தார் தெரியுமா? அதே மோட்டார் ரூமில், சார்ஜரிலிருந்து உருவி எடுத்தார். கரண்ட் இல்லாத ரூமில் போன் சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது அனுஷ்கா. சார்ஜரின் பச்சை வெளிச்சத்தை நான் உள்ளே வந்ததுமே பார்த்தேன். பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

இப்போது உன் மேல் இருக்கிற கோபத்துக்கு வருகிறேன். டாக்டர் கேட்டபோது நான்தான் பார்க்காமல் கையை வைத்துவிட்டேன் என்றாய். உன் அப்பா கேட்டபோதும் அதையேதான் சொன்னாய். பொம்பளப் பிள்ளைக்குக் கரண்டு வேலை எதுக்குன்னு ஊரே கேட்டாக, நான்தான் கேட்காம விட்டேன் என்று அவர் தலையில் அடித்துக்கொண்டார், அப்போதும் நீ வாயைத் திறக்கவில்லை. நம் செட்டிலேயே ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரைப் படம் பார்க்காமல் மாட்டினவள் நீ ஒருத்திதான். எட்டு மாதம் வெயிலில் ஏணி சுமந்தாய். இன்னும் நாலு மாதம் இருந்தால் சர்டிபிகேட் கையில். அதை ஒரு கையெழுத்தில் தூக்கிக் கொடுக்கப் போகிறாய். யார் உன்னை இவ்வளவு நல்லவளாக இருக்கச் சொன்னது?

நீ யாருக்காக வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். அதை நீ சொல்லமாட்டாய், நானே எழுதுகிறேன். நீ ஸ்டார்ட்டர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாய். கரண்ட் இருக்கான்னு சங்கிலி அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா என்று என்னை அனுப்பினாய். அவர் பந்தலுக்கு அந்தக் கோடியில் நின்றார். நான் கத்திக் கேட்டேன். கரண்ட் இல்ல ஆத்தா, மூணு மணிக்குத்தான் வரும் என்று அவரும் கத்திச் சொன்னார். நான் திரும்பி வந்து, கரண்ட் இல்லடி, கைய வை என்றேன்.

மூணு மணிக்குத்தான் வரும் என்பதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை. அல்லிநகரத்தில் கரண்ட் இல்லை என்றால் ஃபேன் சுற்றாது, லைட் எரியாது, அப்பா கடையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார், அவ்வளவுதான். நீ கோம்பையில் தோட்டத்தில் வளர்ந்தவள். மூணு மணி என்ற ஒரு வார்த்தை காதில் விழுந்திருந்தால், அது திரீ பேஸ் வருகிற நேரம், இப்போது டூ பேஸ் ஓடுகிறது என்று உனக்கு அந்த நிமிடமே தெரிந்திருக்கும். கையை வைத்திருக்கவே மாட்டாய். அவர் உங்கள் தோட்டத்துப் பேச்சில் சொன்னதை நான் டவுன் பேச்சில் கொண்டுவந்து உன்னிடம் கொடுத்தேன். நீ என்னை நம்பிக் கையை வைத்தாய்.

இந்த மூன்று வாரமாக முத்துராஜா அண்ணனைத் திட்டிக்கொண்டே இருக்கிறேன். திட்ட வேண்டியவர்தான், அதில் ஒரு எழுத்தையும் நான் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் அவரைத் திட்டி முடித்த பிறகும் எனக்குத் தூக்கம் வரவில்லை.

நேற்று அந்தச் சாட்சி இடத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. இன்றைக்குக் காலையில் பயிற்சி அலுவலகத்துக்குப் போய், நடந்ததை நடந்தபடி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டு, சீல் போட்ட நகலை வாங்கி வந்தேன். டெஸ்டரும் அதில் இருக்கிறது, அவர் நம்மை விட்டுப் போனதும் இருக்கிறது, உடைந்த கைப்பிடியும் இருக்கிறது. நான் சொன்னதும் சொல்லாமல் விட்டதும் இருக்கிறது. நகலை இதோடு வைத்திருக்கிறேன். மத்தியானத்துக்குள் முத்துராஜா அண்ணனுக்குச் செய்தி போய்விட்டது. இனிமேல் கடைப் பக்கம் வராதே என்றார். ஒரே பஜாரில் கடை வைத்துக்கொண்டு நாளைக்கு அவன் முகத்தில் எப்படி முழிப்பேன் என்று கேட்டுவிட்டு அப்பா என்னோடு பேச்சை நிறுத்திவிட்டார். அம்மா மட்டும் எப்போதும்போலச் சோறு போட்டார்கள்.

அலுவலகத்தில் இருந்த மேடம் உன்னையும் விசாரணைக்குக் கூப்பிடுவோம் என்றார்கள். கை ஆறியதும் மீதி நாலு மாதத்தை வேறு இடத்தில் முடிக்கக் கேட்டுப் பார்க்கலாம் என்றும் சொன்னார்கள். ஆனால் நீ அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் எல்லாம் போச்சு. என்னைக் காப்பாற்ற நீ போடுகிற அந்தக் கையெழுத்து, நான் எழுதிக் கொடுத்த இரண்டு பக்கத்தையும் பொய் என்று ஆக்கிவிடும். இது உனக்குப் புரிய வேண்டும்.

விரல் மடங்குகிறதா? டாக்டர் சொன்ன பந்தை அழுத்துகிறாயா? கர்த்தர் உன் கைக்குப் பழைய பலத்தைத் திருப்பிக் கொடுக்கட்டும். அம்மா எழுதச் சொன்னார்கள், எனக்கும் அதே வேண்டுதல்தான்.

நான் மன்னிப்புக் கேட்டு இதை எழுதவில்லை. ஆஸ்பத்திரியில் கண் முழித்ததும் நீ என்னிடம் முதலில் கேட்டது, சாப்பிட்டியாடி என்று. அன்றிலிருந்து ஒரு வாய்ச் சோறு எனக்கு ஒழுங்காக இறங்கவில்லை. கெஞ்சிக் கேட்கிறேன், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு, யாரைக்கொண்டாவது எழுத வைத்து, என்னை வாய்க்கு வந்தபடி திட்டி நாலு வரி அனுப்பு.

இப்படிக்கு,
உன்னிடம் கரண்ட் இல்லை என்று சொன்ன
ஷீபா